அர்ச்சுனன் வயிறு

மாதுவின் வயிற்றை முதல்முறை தட்டிப் பார்த்தபோது, அது ஊருக்கே சொந்தமான வயிறு என்று டாக்டர் குப்புராஜுக்குத் தெரியாது.

முப்பது வயது மதிக்கத்தக்க ஆண். கைகால்கள் உழைத்து இறுகியவை. தோளில் எலும்பு தெரிந்தது. வயிறு மட்டும் வேறு யாருடையதோ போல முன்னால் நின்றது. அரைஞாண் கயிறு சதைக்குள் புதைந்து சுற்றிலும் சிவந்த தடம் போட்டிருந்தது. தொப்புளைச் சுற்றிச் சூடு போட்ட வடுக்கள். வலது மணிக்கட்டில் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு காப்பு. அவன் பெண்சாதி காசியம்மாள் பெஞ்சின் தலைமாட்டில் நின்றாள். கேட்ட கேள்விக்கெல்லாம் அவள்தான் பதில் சொன்னாள்.

மூன்று வருஷமாக இப்படி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்ததாம். இந்தக் கோடையில் இறங்குவதே இல்லையாம். ஓமத் தண்ணீர் கொடுத்தாயிற்று. பெருங்காயம் கரைத்துத் தடவியாயிற்று. பூசாரி மந்திரித்தார். கடைசியில் அவள் அண்ணன் வந்து சூடு போட்டான். சூடு ஆறியது, வயிறு ஆறவில்லை.

குப்புராஜ் இடது கையை வயிற்றின் மேல் பரப்பி, அதன் நடுவிரலை வலது கை விரலால் தட்டிக்கொண்டே போனான். நீர் கோத்திருந்தால் மண் நிறைந்த பானையைத் தட்டுவதுபோல மந்தமாகக் கேட்கும். இங்கே விலாவிலிருந்து விலாவரை தப்பட்டைச் சத்தம்தான். புரண்டு படுக்கச் சொல்லித் தட்டினான், சத்தம் மாறவில்லை. விரலை ஆழ அமுக்கி மண்ணீரல் தட்டுப்படுகிறதா என்று தேடினான். மலைக்காய்ச்சல் கண்ட பக்கம், பாதிப் பேருக்குக் கட்டி விழுந்திருக்கும். இவனுக்கு இல்லை. கண்ணில் மஞ்சள் இல்லை, காலில் வீக்கம் இல்லை, சாயங்காலக் காய்ச்சல் இல்லை.

காற்று. வெறும் காற்று. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

பூச்சியாக இருக்கலாம் என்று சான்டோனின் கொடுத்தான். வாயுவுக்கு ஒரு மிக்ஸர் கலக்கிக் கொடுத்தான். காலேஜில் சொல்லிக்கொடுத்த பத்தியத்தையும் சொன்னான். களி, அவரை, கொள்ளு, மொச்சை எதுவும் கூடாது. பால் மட்டும் குடிக்க வேண்டும். வயிற்றுக்கு அதைவிட லேசானது கிடையாது.

புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காசியம்மாள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அதானுங்க, பாலு மட்டுந்தான் குடுத்துக்கிட்டிருக்கோம்" என்றாள்.

அந்த இடத்தில் குப்புராஜ் நின்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டான்.

அவன் இண்டூர்ப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்தது அந்த வருஷம் பங்குனியில். அதற்கு முன்பு சேலத்தில் இருந்தான். கார்த்திகையில் மனைவி ராஜாமணி பிரசவத்தில் இறந்தாள். பிள்ளையும் தங்கவில்லை. எந்த ஊரானாலும் சரி என்று மாற்றல் கேட்டான். அழுகை வரவில்லை, அதற்குப் பதிலாகக் கால் நிலைகொள்ளாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் கூட்டம் கலைந்தால் குப்பிகளை இடம் மாற்றி அடுக்குவான். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்குவான். சாயங்காலம் ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு எந்த வண்டித்தடம் முதலில் கண்ணில் படுகிறதோ அதில் இறங்கிவிடுவான். வீட்டில் இருட்டும்வரை இருப்பதைவிடப் புழுதி மேல்.

அடுத்த சந்தை நாளில் மாது மறுபடி வந்தான். பூச்சி ஒன்றும் விழவில்லை. மிக்ஸர் தீர்ந்திருந்தது. அரைஞாணை அவிழ்த்து முடிச்சைத் தளர்த்திக் கட்டியிருந்தான், அப்படியும் அது புதைந்துதான் கிடந்தது. சொன்ன பத்தியத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை என்று காசியம்மாள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். பாலைத் தவிரக் கொஞ்சம் வாழைப்பழம், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் குப்புராஜ் சைக்கிளை அவர்கள் ஊரான பள்ளக்கொட்டாய்க்கு விட்டான்.

ஊர் முகப்பில் திரௌபதை அம்மன் கோயில். அதற்கு எதிரே காய்ந்து வெடித்த கரம்பில் ஒரு பனைமரத்தை நட்டுக்கொண்டிருந்தார்கள். மொட்டைப் பனை. அடியிலிருந்து உச்சிவரை குறுக்குக் கட்டைகள் அடித்துப் படி கட்டியிருந்தது. கயிறு பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவர்களில் குள்ளமாக, அகலமாக ஒருவன் சைக்கிளைக் கண்டதும் கையை விட்டுவிட்டு வந்தான்.

"டாக்டருங்களா? எங்க அர்ச்சுனனுக்கு எத்தனாம் மாசமுன்னு பாத்துச் சொல்லுங்க. வளையல் அடுக்கணும்."

கயிற்றுக்காரர்கள் சிரித்தார்கள். அவன் பெயரும் குள்ளன்தான். மாதுவின் பங்காளி. ஊர்ப் பாரதக் கூத்தில் பீமன் வேஷம் கட்டுபவன்.

"வவுறு இருக்க வேண்டியது எனக்கு. அவன் தூக்கிக்கிட்டு அலையறான். வேஷத்த மாத்திக்கடான்னா கேக்க மாட்டேங்கறான்" என்றான்.

அப்போதுதான் குப்புராஜுக்கு விஷயம் விளங்கியது. மழை வேண்டி நடக்கும் பாரதம். அர்ச்சுனன் தபசு நாளில் மாது அந்தப் பனையின் உச்சிக்கு ஏறி, சிவனிடம் அஸ்திரம் கேட்டுப் பாட வேண்டும். மூன்று வருஷமாக அவன்தான் ஏறுகிறான். காப்புக் கட்டிய நாள் முதல் மரம் இறங்கும்வரை அவனுக்குப் பாலும் பழமும்தான் ஆகாரம். பாலை ஊரிலுள்ள வீடுகள் முறை வைத்துக்கொண்டு, கறந்த சூட்டோடு கொண்டுவந்து கொடுக்கும்.

மற்றதை ஊர்க் கவுண்டர் பச்சியப்பன் சொன்னார். பெரிய மீசை, சின்னக் குரல். காப்புக்காரன் வாய் தவறினாலோ கட்டில் தவறினாலோ அம்மன் அதை உடம்பில் காட்டிவிடுவாள் என்பது ஊர் நம்பிக்கை. இவன் எங்கேயோ கறி தின்றிருக்கிறான் என்று பேச்சு கிளம்பிவிட்டது. தபசுக்குள் வயிறு வற்றாவிட்டால் கூட்டம் கூட்டிக் காப்பை அறுக்க வேண்டியதுதான். அறுத்தால் அந்த வீட்டுக்கு ஊர்க் கிணற்றில் தண்ணீர் கிடையாது. பெண்சாதியை அழைத்துக்கொண்டு வேறு ஊர் பார்க்க வேண்டும்.

"மழை வரலேன்னா?" என்று குப்புராஜ் கேட்டான்.

"அதுவும் அவன் தலையிலதாங்க விடியும்."

மாதுவின் வீட்டில் போய்க் குப்புராஜ் நேராகவே கேட்டான், ஏதாவது தின்றீர்களா என்று. மாது அவனை நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை, ஒருவித அசதிதான் இருந்தது.

"ராத்திரில பசி வவுத்தப் பெரட்டுதுங்க. அடுப்புல மண்சட்டி காயற வாசம் வந்தாலும் எந்திரிச்சு வெளிய போயிருவேன். எச்சிலக்கூட முழுங்கறதுக்குப் பயமா இருக்குது. நான் எதுக்குத் திங்கப்போறேன்?"

அதைக் குப்புராஜ் நம்பினான். நம்பியதால் வேலை கூடிற்று. மறுநாள் விடியும் முன்பே வந்து நின்றான். வெறும் வயிற்றில் மாதுவின் அரைஞாணுக்கும் இடுப்புக்கும் நடுவில் விரல் நுழைந்தது. முறை வீட்டுப் பெண் ஒரு செம்பு பால் கொண்டுவந்தாள். மாது கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஒரே மூச்சில் குடித்தான். குப்புராஜ் வாசலுக்கும் மாட்டுக் கொட்டகைக்குமாக நடந்துகொண்டிருந்தான். வெயில் ஓட்டுக்கூரையைத் தொட்டபோது உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. கடமுடா, கடமுடா. மேட்டு நிலத்தில் கட்டை வண்டி போவதுபோல. மாது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் குந்தினான். இப்போது கயிற்றுக்குள் நகம்கூட நுழையவில்லை.

கொட்டகையில் ஒரு நல்ல காராம்பசு நின்றது.

"இது எப்ப வாங்கினது?"

வாங்கினதல்ல என்று காசியம்மாள் சொன்னாள். முதல் வருஷம் மாது மரம் ஏறி இறங்கிய கையோடு மழை பிடித்துக்கொண்டது. சந்தோஷத்தில் ஒரு பெரிய வீட்டுக்காரர் பிடித்துக் கொடுத்த பசு. அர்ச்சுனன் குடிக்க வேண்டிய பால், விற்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தாராம். அன்று முதல் தினமும் ராத்திரி ஒரு சொம்பு. அவன் உடம்பு தேற வேண்டுமே.

"அதுக்கு முந்தி பால் குடிப்பாரா?"

"எங்களுக்கு ஏதுங்க பாலு? அப்ப இருந்த எருமைப் பாலு இண்டூர் காப்பிக் கடைக்குப் போயிரும். களி, அவரக்கொட்டக் கொழம்பு, மோரு. மோருன்னா பான பானையா குடிப்பாரு."

"அப்ப வயிறு?"

அவள் யோசித்தாள். "அப்ப சப்பையாத்தான் கெடந்துச்சு."

சொன்னது என்ன என்று சொன்னவளுக்குத் தெரியவில்லை. கேட்டவனுக்குத் தெரிந்தது. லேசானது என்று தான் சொன்ன பத்தியமே மாதுவை ஊதவைக்கிறது. மோர் சேருகிறது, பால் சேரவில்லை. ஏன் என்று எந்தப் புத்தகத்திலும் அவன் படித்ததில்லை. ஆனால் கண்ணுக்கு முன்னால் கயிறு இறுகிவிட்டதே.

ஒரு நாள் பாலை நிறுத்திப் பழம் மட்டும் கொடுத்துப் பார்க்கலாம் என்றான். மாது மாட்டேன் என்றான். முறை வீட்டுப் பாலைக் காப்புக்காரன் திருப்பி அனுப்பினால் அந்த வீட்டில் சாவு விழும் என்பார்கள். கீழே கொட்டவும் கூடாது. மறுநாள் காலை பால் வந்தது. கொண்டுவந்தவள் வாசல் தாண்டியதும் காசியம்மாள் செம்பை வாங்கி, திரும்பி நின்று தானே குடித்துவிட்டாள்.

"அவுரு ஒடம்புல பாதி நான். நான் குடிச்சா என்ன?" என்றாள்.

அன்று வெயில் ஏறியும் மாதுவின் வயிற்றில் வண்டிச் சத்தம் கேட்கவில்லை. பொழுது சாயும்வரை அரைஞாணுக்குள் விரல் சுழன்றது. மாது எழுந்து நடந்தான். அம்பு விடுகிற அடவு ஒன்றைக்கூட ஆடிப் பார்த்தான். பசிதான் பாவம், வாழைப்பழத்துக்கு அடங்கவில்லை.

ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் குள்ளன் மாடு பிடித்துக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறான். காசியம்மாள் செம்பைத் தூக்கியதை அவன் பார்த்துவிட்டான்.

மறுநாள் காலையில் கோயில் முன்னால் கூட்டம். ஆஸ்பத்திரிக்கு ஆள் வந்து சொன்னபோது குப்புராஜ் ஒரு கையில் குப்பியும் ஒரு கையில் தக்கையுமாக நின்றிருந்தான். இரண்டையும் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

மாது கும்பிட்ட கையோடு நடுவில் நின்றான். பெண்களோடு நிற்க விடாததால் காசியம்மாள் தூரத்தில் தனியே நின்றாள். பச்சியப்பன் முன்னால் வெற்றிலைத் தட்டில் ஒரு கத்தி. காப்பு அறுக்க. குள்ளன் பார்த்ததை ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லி முடித்திருந்தான். பங்காளிகளில் ஒருவர், புருஷன் கறிக்கும் பெண்சாதி பாலுக்கும் முறை வைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது என்றார். யாரும் சிரிக்கவில்லை.

குப்புராஜ் கூட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே பேசினான். நின்று பேசச் சொல்லி ஒரு பெரியவர் கையமர்த்தினார், அவனால் முடியவில்லை. மாது எதையும் தின்னவில்லை, பால்தான் அவன் வயிற்றை ஊதவைக்கிறது, அதைச் சோதிக்கப் பாலை நிறுத்தச் சொன்னவன் நான் என்றான்.

கூட்டம் சலசலத்தது. கறி தின்றான் என்பதைவிட இது மோசமாகப் போயிற்று. அம்மனுக்கு அபிஷேகம் ஆகிற பால். பிறந்த பிள்ளை குடிக்கிற பால். அது ஒருவனுக்கு ஆகவில்லை என்றால் அவனிடம் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

"நீங்க டவுன்ல படிச்சவரு. இது சாமி காரியம்" என்றார் பச்சியப்பன்.

"சரிங்க. உங்க கண்ணாலயே பாத்துக்கங்க. இன்னிக்குப் பூரா அவரு கோயிலை விட்டு வெளிய வரவேண்டாம். பாலைக் குடிக்கட்டும். இந்த அரைஞாணை நீங்களே தொட்டுப் பாத்துக்கங்க. நாளைக்கு அதே பாலை மோராக்கிக் குடுங்க. அப்பவும் தொட்டுப் பாருங்க. காவலுக்குக் குள்ளனையே வைங்க."

குள்ளனுக்கு அது பிடித்திருந்தது. பச்சியப்பனுக்குப் பிடிக்கவில்லை. பால் சரி, மோர் எப்படி ஆகும் என்று கேட்டார். உறை மோர் யாராவது ஒரு வீட்டுப் பானையிலிருந்துதான் வர வேண்டும். அந்த வீட்டில் நேற்றுக் கோழி அடித்திருப்பார்கள். அந்தப் பானையின் தீட்டு காப்புக்காரன் வாய்க்குப் போகும். போதாததற்கு ராத்திரி தாண்டினால் அது பழையது. பழையது காப்புக்கு ஆகாது. அவர் சொன்னதில் ஊருக்கு மறுபேச்சில்லை.

குப்புராஜ் நடப்பதை நிறுத்தினான்.

"உறை மோர் இல்லாமலேயே தோயும். காய்ச்சின பால்ல காஞ்ச மிளகாயோட காம்பை மட்டும் கிள்ளிப் போட்டு, வெதுவெதுப்பா மூடி வெச்சாப் போதும். இந்த வெயிலுக்குக் காலையில வெச்சா பொழுது சாயறதுக்குள்ள தயிர். ராத்திரி தாண்டாது."

"இதெல்லாம் காலேஜில சொல்லிக் குடுக்கறாங்களா?" என்றான் குள்ளன்.

"எங்க வூட்ல செய்வாங்க."

புது ஊருக்குக் குடிபோன முதல் நாள், பக்கத்தில் யாரையும் தெரியாமல், ராஜாமணி அப்படித்தான் தோய்த்தாள். தயிர் இறுகியிருந்ததைக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். அவன் அதை நினைத்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது, சொன்னான்.

தூரத்தில் நின்ற காசியம்மாள் அங்கிருந்தே கேட்டாள்.

"அவங்களத் தபசுக்குக் கூட்டியாங்க, டாக்டருங்களே."

"ம்" என்றான் குப்புராஜ்.

மிளகாய் காரமாயிற்றே என்று ஒருவர் கிளப்பினார். காம்பில் ஏது காரம் என்று பச்சியப்பன் ஒன்றைக் கிள்ளி மென்று பார்த்தார். வெகுநேரம் மென்றார். பிறகு கத்தியைத் தட்டோடு எடுத்து உள்ளே வைக்கச் சொன்னார். வைக்கச் சொன்னாரே ஒழிய, எடுத்துப் போடச் சொல்லவில்லை.

அன்று முழுதும் ஊர் வேலைக்குப் போகவில்லை. மாது பாலைக் குடித்துவிட்டு மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தான். குள்ளன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து அவன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். நேரம் ஆக ஆக ஒருவர் மாற்றி ஒருவர் வந்து அரைஞாணைத் தொட்டுப் பார்த்தார்கள். உச்சிப்பொழுதுக்குச் சத்தம் ஆரம்பித்தது. குள்ளன் காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"உள்ள நம்ம ஊருப் பம்பை செட்டே எறங்கியிருக்குதுடா."

இந்த முறை சிரித்தார்கள். மாதுவும் சிரிக்கப் பார்த்தான், வலி விடவில்லை. கயிறு புதைந்துபோயிற்று. குப்புராஜ் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்குமாக மூன்று நான்கு தடவை சைக்கிள் மிதித்தான். சோதனை தான் சொன்னபடிதான் போகிறது என்று தெரிந்தும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. மோரும் ஊதினால்? ஆஸ்பத்திரியில் ஊகம் தவறினால் மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகலாம். இங்கே ஒரு குடும்பம் மூட்டை கட்ட வேண்டும்.

மறுநாள் பச்சியப்பன் வீட்டு அம்மாள் புதுச் சட்டியில் பாலைக் காய்ச்சி, எல்லோரும் பார்க்கக் காம்புகளைப் போட்டு, உமிச் சூட்டில் வைத்தாள். பெண்கள் அடிக்கடி மூடியைத் திறந்து பார்த்ததில் தோயாமலே போய்விடுமோ என்றிருந்தது. வெயில் இறங்கும் நேரத்தில் மூடியைத் தூக்கினால் தயிர். கொஞ்சம் கோழையாகத்தான் இருந்தது. இறுகட்டும், முழுக்கப் புளிக்கட்டும், புளிக்கப் புளிக்கத்தான் நல்லது என்று குப்புராஜ் இன்னும் சற்று நேரம் வைக்கச் சொன்னான். பிறகு கடைந்து, உப்புப் போடாமல் கொடுத்தார்கள். மாது இரண்டு நாள் பசியோடு குடித்தான். செம்பை வழித்தான்.

விளக்கு வைத்து வெகுநேரம் ஆயிற்று. குள்ளன் காதை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

"ஒண்ணும் கேக்கல" என்றான். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. பச்சியப்பன் தானே குனிந்து அரைஞாணுக்குள் விரலை விட்டார். விரல் சுற்றி வந்தது. தட்டையும் கத்தியையும் தன் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார்.

முடிந்தது என்று குப்புராஜ் நினைத்தான். முடியவில்லை.

தபசு நாள். பம்பை அடிக்கிறது. மாது கிரீடம், புஜகீர்த்தி, முகத்தில் பச்சைப் பூச்சோடு கரம்பில் வந்து நின்றான். சுற்றுப்பட்டுக் கொட்டாய் ஊர்களிலிருந்தெல்லாம் சனம். பிள்ளை வரம் கேட்கிற பெண்கள் ஈரச் சேலையோடு மரத்தைச் சுற்றி நின்றார்கள். மாது மரத்தைக் கும்பிட்டான், முதல் கட்டையில் காலை வைத்தான், எடுத்துவிட்டான்.

பம்பை ஒரு சுற்று அடித்து ஓய்ந்தது. அவன் ஏறவில்லை. பச்சியப்பன் பக்கத்தில் போனார். மாது சன்னமாகத்தான் பேசினான், ஆனால் முன்வரிசைக்கெல்லாம் கேட்டது.

"கறி திங்கலேன்னு ஊருக்குத் தெரிஞ்சிருச்சு, சரிங்க. ஆனா அம்மனுக்கு ஊத்தற பாலு என் வவுத்துல நிக்க மாட்டேங்குதே. அப்பறம் நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு மேல ஏறிக் கேக்கறது? வேற யாராச்சும் ஏறட்டும்."

உடம்பு வாகு, குடல், செரிமானம் என்று குப்புராஜ் அருகே போய் ஆரம்பித்தான். மாது மரியாதையாகக் கேட்டான். கேட்டுக்கொண்டே கிரீடத்தின் முடிச்சை அவிழ்த்தான். அந்த விரல்களைப் பார்த்ததும் குப்புராஜ் பேச்சை விட்டுவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினான்.

"பெரியவங்க சொல்லுங்க. இங்க தினம் ஒரு சொம்புப் பால் குடிக்கிறவங்க யாரு?"

ஒருவரும் இல்லை. பால் காப்பிக் கடைக்குப் போகிறது, பிள்ளைகளுக்குப் போகிறது, மிச்சம் மோராகிறது. அது அவனுக்குத் தெரியும்.

"சரி, எப்பவாவது குடிச்சவங்க இருப்பீங்க. குடிச்சா வயிறு என்ன பண்ணுச்சு?"

ஆண்கள் மரத்தைப் பார்த்தார்கள். பெண்கள் ஆண்களைப் பார்த்தார்கள். அப்புறம் எங்கோ ஓரத்தில் ஒரு பெண்ணின் சிரிப்பு. பச்சியப்பன் வீட்டு அம்மாள்தான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பச்சியப்பன் அவளை முறைத்தார். முறைப்பு நிற்கவில்லை.

"நான் பாலு குடிச்சுப் பதினஞ்சு இருவது வருசம் ஆவுது" என்றார். "எங்க மாமியா வூட்டு விருந்துல கொண்டாந்து குடுத்தாங்க. மருவாதிக்குக் குடிச்சேன். ராத்திரி பூரா மாட்டுக் கொட்டாயில படுத்தேன். வூட்டுக்குள்ள என்னால படுக்க முடியல, மத்தவங்களாலயும் முடியல."

கரம்பு முழுதும் சிரிப்பு வெடித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவருக்குப் பொங்கல் பால். ஒருவருக்குக் காய்ச்சலில் கொடுத்த பால். இன்னொருவர், தனக்குப் பால் வாசமே ஆகாது, இத்தனை நாள் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை என்றார். குள்ளன் கதாயுதத்தைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தான்.

"பீமனுக்கே ஆவாதுடா. அர்ச்சுனனுக்கு மட்டும் எப்பிடி ஆவும்? ஏறு. நேரமாவுது."

மாது எல்லோரையும் பார்த்தான். பச்சியப்பனைக் கடைசியாகப் பார்த்தான். அவர் இனிமேல் தபசுக்காரனுக்கு மோர்தான், அதுவும் காம்பு போட்ட மோர், இது ஊர்க் கட்டு என்று சத்தமாகச் சொன்னார். சின்னக் குரல் உடைந்து கீச்சென்று கேட்டது. மாது கிரீடத்தின் முடிச்சை மறுபடி இறுக்கினான்.

பம்பை எழுந்தது. அவன் ஏறத் தொடங்கினான்.

காசியம்மாள் மரத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். குப்புராஜின் பக்கத்தில் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"ஏறறாருங்களா?"

"ஏறறாரு."

"வவுத்தப் புடிக்கிறாருங்களா?"

"இல்லை. ரெண்டு கையும் கட்டையிலதான் இருக்குது."

அவளுக்காக அவன் அண்ணாந்தே நிற்க வேண்டியிருந்தது. வெயில் கண்ணைக் குத்தியது. பாதி மரத்தில் மாது நின்றான். கூட்டம் அடங்கியது.

"நின்னுட்டாரா?" என்றாள் அவள்.

"நின்னுட்டாரு." குப்புராஜ் அந்த முதுகையே பார்த்தான். விலா விரிந்தது, சுருங்கியது, மறுபடி விரிந்தது. பசியில் வாடிய உடம்பு, அவ்வளவுதான். "மூச்சு வாங்கறாரு. இருங்க. இப்ப ஏறறாரு."

உச்சியில் கட்டியிருந்த பரணில் மாது கால் வைத்தபோது குப்புராஜ் அதையும் சொன்னான். காசியம்மாள் அப்படியே கரம்பில் உட்கார்ந்துவிட்டாள். மேலே போய்விட்டாரா, நிஜமாகவா என்று இன்னொரு தடவை கேட்டாள். பிறகு அவர் இறங்கியதும் என்ன கொடுக்கலாம் என்று கேட்டாள்.

"களி. கொஞ்சமா ஆரம்பிங்க. கூட மோர்."

"பசுவ?"

"வெச்சுக்கங்க. தோய்க்கறதுக்கு இருக்கட்டும்."

உச்சியிலிருந்து பாட்டு கிளம்பியது. முதல் அடியைப் பெரிதாக எடுத்திருந்தான், நீட்டி முடிக்க வேண்டிய அடி. வயிறு புடைத்தவனால் அது ஆகாது. நெஞ்சை முட்டிக்கொண்டு நடுவிலேயே அறுந்துவிடும். குப்புராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். குரல் கரம்பைத் தாண்டிக் கொள்ளுக்காட்டுப் பக்கம் போயிற்று, அங்கேயும் அறுபடவில்லை. அடி முடிந்தது. மாது அடுத்த அடியை எடுத்தான்.